பச்சை டிக்கெட் சுற்றிய டப்பி

விசில் கொடுக்காமல் நடுவழியில் இறங்கிப் போன என் கண்டக்டர் நைனாவுக்கு,

உன் அரை டிக்கெட் எழுதுகிறேன். பதினாறு வயதாகியும் நீ என்னை அப்படித்தான் கூப்பிடுவாய். திருத்தணி பஸ் ஸ்டாண்டில் நான் ஏறினால் போதும், "ஒரு அரை டிக்கெட் ஏறிடுச்சி, ரைட் போலாம்" என்று மொத்த பஸ்ஸுக்கும் கேட்கும்படி கத்துவாய். இப்போது அதே பஸ்ஸில் வேறொரு கண்டக்டர். அவர் எல்லாரையும் போல என்னையும் "உள்ள போம்மா, உள்ள போ" என்கிறார். உள்ளே போய்விட்டால் மட்டும் என்ன இருக்கிறதாம்? இன்னும் கொஞ்சம் உள்ளே, அவ்வளவுதான்.

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பழைய கிராமபோன் சேர்க்கிற உன் ஆட்கள் எல்லாரும் மலையடிவாரத்தில் ஒரு மண்டபத்தில் கூடுகிறார்கள். அரக்கோணம், திருவள்ளூர், பள்ளிப்பட்டு என்று பல ஊரிலிருந்தும் வருகிறார்கள். ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு பாட்டு, உன் போட்டோவுக்கு ஒரு மாலை, முடிவில் காபி, வடை. நடுவில் நான் உனக்கு ஒரு கடிதம் எழுதிப் படிக்க வேண்டும். ஏற்பாடு எல்லாம் உன் டிரைவர் ஏழுமலை மாமாதான்.

"பாப்பா, ரெண்டு பக்கம் எழுதிக்கினு வா. அழற மாதிரி எழுது. குறும்பு கிறும்பு வாணாம்."

"அழற மாதிரின்னா, யார் அழற மாதிரி மாமா?"

"பாத்தியா, இப்பவே ஆரம்பிச்சிட்ட."

குறும்பு இல்லாமல் எழுதத்தான் பார்த்தேன், நைனா. முடியவில்லை. ஏனென்றால் எழுத வேண்டிய விஷயமே ஒரு குறும்புதான். பாதி என்னுடையது. மீதிப் பாதி உன்னுடையது என்று எனக்குச் சந்தேகம்.

கேட்க வருகிறவர்களுக்கு நம் வீட்டுச் சட்டம் தெரியாது. அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நம் இரண்டு பேருக்கும் நடுவில் ஓர் ஆட்டம் உண்டு. யார் வேண்டுமானாலும் யாரையும் ஏமாற்றலாம். ஏமாந்தவர் கண்டுபிடித்தால் வாயைத் திறக்கக்கூடாது. ஏமாற்றியவரும் 'தெரிஞ்சுதா?' என்று கேட்கக்கூடாது. முதலில் கேட்டவர் தோற்றார்.

ஒரு தடவை உன் விசிலை எடுத்துவிட்டு, திருவிழாக் கடையில் வாங்கிய, குருவி மாதிரிக் கத்தும் விசிலைப் பையில் போட்டேன். நீ நாள் முழுக்க அதையே ஊதினாய். ஏழுமலை மாமா ஒவ்வொரு நிறுத்தத்திலும் எங்கேயோ குருவி அடிபட்டுவிட்டதென்று பிரேக் போட்டாராம். வீட்டுக்கு வந்து நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் கணக்கு வகுப்பில் என் காம்பஸ் பெட்டியைத் திறக்கிறேன், உள்ளே முழுக்கத் தேய்ந்துபோன கிராமபோன் ஊசி. "இன்னா வள்ளி, ஊசி விக்கிறியா?" என்று டீச்சர் கேட்டார். நானும் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பத்து நாள் இரண்டு பேரும் முறைத்துக்கொண்டே சாப்பிட்டோம். அம்மா சட்டியை நடுவில் வைத்துவிட்டு, "பைத்தியம் ஒண்ணுன்னு நெனச்சிதான் கட்டிக்கினேன்" என்றாள்.

உன் பஸ்ஸில் ஏறியவர்களிடம் டிக்கெட் வாங்கினீர்களா என்று கேட்பதற்கு முன்னால் நீ கேட்கும் கேள்வி வேறு. "உங்க வூட்டுப் பரண்ல பழைய பாட்டுப் பெட்டி எதுனா கீதா?" திருத்தணிக்கும் பள்ளிப்பட்டுக்கும் நடுவில் எந்த வீட்டுப் பரணில் என்ன தூங்குகிறது என்பது தாசில்தாருக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். ஒரு வாரத்தில் அந்தப் பெட்டி டிரைவர் பக்கத்து இன்ஜின் பானட் மேல் உட்கார்ந்து நம் வீட்டுக்கு வந்துவிடும். சிலதை நீ வாங்கினாய். சிலதைப் பழுது பார்த்துத் திருப்பிக் கொடுத்தாய். பிசிக்ஸ் மிஸ் "ரெக்கார்ட் முடிச்சிட்டியா?" என்று கேட்டபோது, "எங்க வீட்ல நானூறு ரெக்கார்ட் இருக்கு மிஸ், எதுவும் முடியல" என்று சொல்லி வெளியே நின்றேன்.

ஒரு பெட்டியைப் பிரித்தால் உன் முதல் வேலை டிக்கெட் கிழிப்பதுதான். கழற்றிய ஒவ்வொரு பாகத்தின் மேலும் பஸ் டிக்கெட் ஒன்றைச் சுற்றி, பின்பக்கம் அந்தப் பெட்டி வந்த ஊரின் பேரையும் ஆளின் முதல் எழுத்தையும் எழுதி, ரப்பர் பேண்ட் போடுவாய். பொதட்டூர்பேட்டை ஸ்பிரிங்கும் மணவூர் ஸ்பிரிங்கும் கலந்துவிடக் கூடாதாம். மாட்டி முடித்ததும் டிக்கெட்டை எடுத்துப் பெட்டியின் அடிப்பலகையில் ஒட்டிவிடுவாய். நம் வீட்டில் டிக்கெட் இல்லாமல் இருந்தது நானும் அம்மாவும்தான்.

இனி முனிரத்தினம் விஷயத்துக்கு வருகிறேன்.

மாசி மாதம் ஒரு காலையில் பள்ளிப்பட்டிலிருந்து தறிக்காரர் முனிரத்தினம் ஆட்டோவில் வந்து இறங்கினார். மடியில் ஒரு கிராமபோன் பெட்டி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ பழுது பார்த்துக் கொடுத்த அதே பெட்டி. அம்மா சத்துணவு மையத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே வரவில்லை. தெருவிலேயே நின்றார்.

"கண்டக்டர் வூடு இதானே? ஏம்மா, உங்க வூட்டுக்காரரு என் பெட்டியோட டப்பிய மாத்திட்டாரு."

கேட்கிறவர்களுக்காக: டப்பி என்பது சவுண்ட் பாக்ஸ். ஊசி குத்தியிருக்கும் அந்த வட்டமான சின்ன டப்பா. உள்ளே காக்காப்பொன் தகடு ஒன்று நடுங்கும். அந்த நடுக்கம்தான் பாட்டு. குழாய் எவ்வளவு பெரிதாக, பளபளப்பாக இருந்தாலும் அது வெறும் தொண்டை. வாய் இந்த டப்பிதான். பழைய டப்பி கிடைப்பது கஷ்டம். டில்லிப் பக்கமிருந்து அச்சு அசலாகப் புது டப்பி வருகிறது. பார்க்க அதே மாதிரி, பாடினால் தகர டப்பா.

"அவரு போயி ஏழு மாசம் ஆவுதுங்க" என்றாள் அம்மா.

"அதாம்மா. இருக்கசொல்லவே கேட்டிருக்கணும். மெட்ராஸ்லருந்து ஒருத்தரு பெட்டி பாக்க வந்தாரு. திறந்ததும் சிரிச்சிட்டாரு, இது டில்லி டப்பின்றாரு. எங்க நைனா வாங்குன பெட்டிம்மா இது. அசல் டப்பி பின்னால எங்க நைனா ஆணியால ஒரு வேல் கிறுக்கி வச்சிருப்பாரு. இதுல வேலும் இல்ல, மயிலும் இல்ல. இப்ப நான் யார போயி கேக்கறது?"

"மேல போயி கேளுங்க. முன்னூத்தி அறுபத்தஞ்சு படிதான்" என்றேன் நான், மலையைக் காட்டி.

அம்மா என் முதுகில் கிள்ளிய கிள்ளு இன்னும் இருக்கிறது. எதிர் வீடு, பக்கத்து வீடு, ஆட்டோக்காரர் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று மாலைக்குள் உங்கள் கிராமபோன் வாட்ஸப் குரூப்பிலும் வந்துவிட்டது: கண்டக்டர் டப்பி மாற்றுகிறவர். அடுத்த வாரம் உன்னிடம் எப்போதோ பெட்டி கொடுத்திருந்த மூன்று பேர் போன் செய்து, "சும்மா ஒரு சந்தேகம்" என்றார்கள். சும்மா வருகிற சந்தேகம் என்று ஒன்று உண்டா நைனா? அம்மா உன் பழைய பஸ்ஸில் போவதை விட்டுவிட்டாள். ஷேர் ஆட்டோவில் போனாள்.

எனக்கு எல்லார் மேலும் சந்தேகம் வந்தது. பரீட்சைக்குப் படிக்கிற நோட்டிலேயே சந்தேகப் பட்டியல் போட்டேன்.

முதலில் முனிரத்தினம். அவரே அசலை விற்றுவிட்டு, கேட்க ஆளில்லை என்று தெரிந்ததும் உன் தலையில் கட்டுகிறாரோ? அடுத்தது அந்த மெட்ராஸ்காரர். டூப்ளிகேட் என்று சொல்லிவிட்டால் பெட்டியைச் சல்லிசாகத் தூக்கிக்கொண்டு போகலாமே. அப்புறம் ஏழுமலை மாமா. எல்லாப் பெட்டியும் அவர் பக்கத்தில்தானே பயணம் செய்தது?

"மாமா, பெட்டி பானட் மேல வர்றப்போ யாராவது கை வச்சிருப்பாங்களா?"

"பானட் மேல கை வச்சா கை வெந்துடும் பாப்பா. இன்னா, என் மேலயே டவுட்டா?"

"உங்க மேல இல்ல மாமா. உங்க பானட் மேல."

அம்மாவையும் விடவில்லை. கார்த்திகைக்கு வீடு கழுவும்போது இரண்டு மூட்டை சாமானைப் பழைய இரும்புக் கடைக்காரருக்குத் தூக்கிக் கொடுத்தவள் அவள்தான்.

"அதுல டப்பி எதுனா இருந்துச்சாம்மா?"

"துருப்புடிச்ச ஸ்பிரிங்கும் உன் ஓட்ட சைக்கிளும் இருந்துச்சி. ஏன், போலீஸ்ல சேந்துட்டியா?"

"அப்ப மீதி சாமான் எங்க?"

"பரண் மேல பால்பவுடர் டப்பாவுல உங்க நைனா போட்டு வச்சது அப்டியே கீது. அதத் தொடறதுக்கு எனக்கு மனசு வரல. நீ போயி தொடு."

தொட்டேன். அந்தப் பால்பவுடர் டப்பாவில்தான் நீ டில்லி டப்பி ஒன்றை வாங்கிப் போட்டு வைத்திருந்தாய், அவசரத்துக்கு உதவும் என்று. மூடியைத் திறந்து கொட்டினேன். திருகாணி, கவர்னர் உருண்டை, வால்வு டியூப் துண்டு. கடைசியில் ஒரு டப்பி விழுந்தது. மேலே பஸ் டிக்கெட் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. டிக்கெட்டின் பின்னால் உன் கையெழுத்து: பள்ளிப்பட்டு, மு.

பிரித்தேன். பின்பக்கம் ஆணியால் கிறுக்கிய ஒரு வேல்.

அங்கேயே ஏணி மேல் உட்கார்ந்துவிட்டேன், நைனா. என் பட்டியலில் நான் எழுதாமல் விட்ட ஒரே பெயர் உன்னுடையது. அம்மா கீழே இருந்து, "இன்னாடி, கெடச்சிதா?" என்றாள். "இல்லம்மா" என்றேன். உனக்காக நான் சொன்ன முதல் பொய் அது.

அப்புறம்தான் டப்பியைத் திருப்பிப் பார்த்தேன். விளிம்பில், ஊசி மாட்டும் திருகுக்குப் பக்கத்தில், ரோஸ் கலரில் ஒரு புள்ளி. நகப் பாலிஷ். என் நகப் பாலிஷ்.

ஞாபகம் வந்துவிட்டது.

ஒன்பதாவது முழுப்பரீட்சை லீவு. முனிரத்தினம் பெட்டி வேலை முடிந்து மேசை மேல் இருக்கிறது. நீ காதைத் தட்டிக்கொண்டு பெருமை அடிக்கிறாய்: "கண்ண மூடிக்கினு கேட்டாலே எது அசல், எது டில்லின்னு சொல்வேன்." அந்தக் காதைச் சோதிக்க வேண்டாமா? நீ பால் வாங்கப் போன நேரத்தில் ஒரே ஒரு திருகைத் தளர்த்தி, அசலைக் கழற்றி, டில்லி டப்பியை மாட்டினேன். இரண்டையும் நீ பளபளவென்று துடைத்து வைத்திருந்தாய். பின்னால் வேல் கிறுக்கியிருப்பதை நான் அப்போது கவனிக்கவில்லை. எனக்கே குழம்பிவிடக் கூடாதே என்று அசல் மேல் ஒரு ரோஸ் புள்ளி வைத்து, பால்பவுடர் டப்பாவில் போட்டேன். எந்தப் பெட்டியையும் அனுப்பும் காலையில் புது ஊசி போட்டு ஒரு பக்கம் பாட விட்டுப் பார்ப்பது உன் வழக்கம். அப்போது உன் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம் என்று இருந்தேன்.

மறுநாள் கிருத்திகை. கூட்டம் அதிகமென்று முதலாளி விடியற்காலையிலேயே கூப்பிட்டுவிட்டார். நான் எழுந்தபோது மேசை காலி. நீ பெட்டியைப் பாட விட்டுப் பார்த்தாயா, இல்லை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினாயா? சாயந்திரம் நீ வந்தாய், சாப்பிட்டாய், சிரித்தாய், ஒன்றும் கேட்கவில்லை. சரி, கண்டுபிடித்து அசலையே மாட்டிவிட்டுத்தான் வாய் மூடி இருக்கிறாய் என்று நினைத்தேன். நானும் வாய் மூடினேன். கேட்டால் தோற்றேன் இல்லையா? பால்பவுடர் டப்பாவைத் திறந்து பார்த்திருக்கலாம். அதுவும் பாதி தோல்வி என்று தோன்றியது. அப்புறம் பத்தாவது வந்தது, எல்லாம் மறந்தது.

ஆக, திருடன் நீ இல்லை, நான்தான். ஏணி மேலிருந்து குதித்தேன். அவ்வளவு சந்தோஷமாக யாரும் திருடி ஆகியிருக்க மாட்டார்கள்.

அந்தச் சந்தோஷம் தரைக்கு வரும்வரைதான். கையில் அந்த டிக்கெட் இருந்தது. டிக்கெட் பச்சை.

உன் பஸ் டிக்கெட் அந்தக் காலத்தில் மஞ்சள். போன வருஷம் பொங்கலுக்கு அப்புறம்தான் பச்சை வந்தது. "டிக்கெட் பச்சையாயிடுச்சி, கட்டணம் பழுத்துடுச்சி" என்று நீ பஸ்ஸில் கத்திக்கொண்டு போனது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் டப்பியை ஒளித்தது அதற்கு ஒன்பது மாதம் முன்னால். அன்றைக்கு அதன் மேல் எந்த டிக்கெட்டும் இல்லை. அப்படியானால் பொங்கலுக்கு அப்புறம் ஒரு நாள் நீ பால்பவுடர் டப்பாவைத் திறந்தாய். பின்னாலிருந்த வேல் கிறுக்கலைப் பார்த்தாய். என் ரோஸ் புள்ளியைப் பார்த்தாய். யாருடைய டப்பி, யார் செய்த வேலை, இரண்டும் உனக்குப் புரிந்தது. பச்சை டிக்கெட்டில் பேர் எழுதிச் சுற்றி, மறுபடி உள்ளே போட்டு மூடிவிட்டாய்.

ஆடியில் நீ போய்விட்டாய். நடுவில் ஆறு மாதம். ஒரு நாளைக்கு நாலு தடவை முனிரத்தினம் தெரு முனையில் உன் பஸ் நின்றது. நீ ஏன் கொடுக்கவில்லை?

பரீட்சை முடிந்த மறுநாள் டப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிப்பட்டுக்குப் போனேன். பஸ்ஸில், பொதட்டூர்பேட்டை தாண்டியதும், பச்சை டிக்கெட்டைக் கழற்றி என் பர்ஸில் வைத்தேன். டப்பியை மட்டும் வெறுமனே கைக்குட்டையில் சுற்றினேன். நான் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

முனிரத்தினம் வீட்டில் நாலு விசைத்தறி ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. கைக்குட்டையைப் பிரித்ததும் விரிந்தது. தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார். அந்த அமைதியில் என் இதயம் மட்டும் ஐந்தாவது தறி மாதிரி அடித்தது.

"நான்தாங்க மாத்துனேன். வெளையாட்டுக்கு. எங்க நைனா காத டெஸ்ட் பண்றதுக்கு."

அவர் டப்பியை வாங்கி மாட்டினார். சாவி கொடுத்து, புது ஊசி போட்டு, ஒரு பழைய நாடகப் பாட்டை வைத்தார். கண்ணை மூடிக் கேட்டார். எனக்கு அதுவரை பயம். அவர் கண்ணைத் திறந்தபோது அவருக்கே சிரிப்பு வந்து, பொண்ணே என்று தெலுங்கில் கூப்பிட்டார்.

"அம்மாயி, உண்மைய சொல்லட்டா? எனக்கு ரெண்டும் ஒண்ணாதான் கேக்குது. நாப்பது வருஷமா தறி சத்தம். காது எப்பவோ போச்சி."

அப்புறம் குழாயின் விளிம்பில் ஒரு விரலை வைத்தார். அவர் முகம் மாறியது.

"ஆங். இதான். சின்னப் புள்ளையில எங்க நைனா பாட்டு போட்டா இங்க விரல் வெக்கச் சொல்வாரு. எறும்பு ஓடற மாதிரி இருக்கும். டில்லி டப்பியில அந்த எறும்பு இல்ல." விரலை எடுக்காமலே என்னைப் பார்த்தார். "இது உங்க நைனாவுக்குத் தெரியுமா?"

பர்ஸ் என் மடியில் இருந்தது.

"தெரியாதுங்க" என்றேன்.

அவர் எழுந்து கை கூப்பினார், நைனா. எனக்கு. "தெருவுல நின்னு கேட்டேன், தப்பு. உங்க அம்மாகிட்ட சொல்லு" என்றார். அவர் தறியில் நெய்த சேலை ஒன்றை அம்மாவுக்கென்று பையில் போட்டுக் கொடுத்தார். அன்றைக்கே குரூப்பிலும் போட்டுவிட்டார்: பொண்ணு விளையாட்டில் மாற்றியதாம், கண்டக்டருக்கு ஒன்றுமே தெரியாதாம், மன்னிச்சிடுங்க. உடனே கை கூப்பல்கள், பூக்கள். சந்தேகம் சும்மா வந்த மூன்று பேரும் சும்மா சந்தோஷப்பட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமே அதனால்தான் ஏற்பாடானது. நீ இப்போது ஊரிலேயே யோக்கியமான கண்டக்டர். நான் சொன்ன ஒரு பொய்யால்.

அந்தச் சேலையை அம்மா கட்டிக்கொள்ளப் போகிற நாளில் என்னால் மறைத்துவைக்க முடியவில்லை. பச்சை டிக்கெட்டை அவள் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் டிக்கெட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க அக்கா வூட்டுக் குத்துவிளக்க பாலிஷ் போட்டுத் தரேன்னு வாங்கியாந்தாரு உங்க நைனா. நாளைக்குக் குடுக்கலாம், நாளைக்குக் குடுக்கலாம்னு ஆறு வருஷம். அந்த ஆளுக்கு ஆறு மாசம்லாம் ஒரு கணக்கா?"

"அப்ப சோம்பேறித்தனம்தான்னு சொல்றியா?"

"நான் ஒண்ணும் சொல்லல. உங்க ஆட்டம் எனக்கு இன்னாத்துக்கு?" சேலையை மடித்து மறுபடி பையில் வைத்தாள். "கடுதாசின்னு எழுதுனா நீ செஞ்சது, உங்க நைனா செஞ்சது ரெண்டையும் எழுது. அந்தத் தறிக்காரரு எதிர்க்க படி. அதுக்கப்பறமும் கட்டிக்கோன்னு அவரு சொன்னா கட்டிக்கிறேன்."

அதனால்தான் இந்தக் கடிதம் இரண்டு பக்கத்தில் நிற்கவில்லை. முனிரத்தினம் மாமா, முன் வரிசையில் உட்கார்ந்திருப்பீர்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் படிக்கிறேன்.

என் சந்தேகங்களை வரிசையாகச் சொல்கிறேன், நைனா. ஒன்று, நம் சட்டம். நான் வந்து 'கண்டுபிடிச்சியா?' என்று கேட்பேன், ஜெயித்துவிட்டு அப்புறம் கொடுக்கலாம் என்று காத்திருந்தாய். இதை நம்பத்தான் எனக்கு ஆசை. ஆனால் டப்பியில் தகட்டைச் சுற்றிப் புது சைக்கிள் வால்வு டியூப் ரப்பர் போட்டிருக்கிறது. திருப்பிக் கொடுக்கிறபோது நன்றாக இருக்கட்டும் என்று போட்டாயா? இல்லை, நீயே போட்டுக் கேட்டாயா? கடைசி ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் பெட்டி முன்னைவிட நன்றாகப் பாடியது. "இன்னா நைனா, பெட்டிக்குத் தொண்டை கட்டு சரியாப் போச்சா?" என்று நானே கேட்டேன். நீ ஒரு மாதிரிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் இப்போது தினமும் எடுத்து வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். குழாய் விளிம்பில் நீயும் விரல் வைத்துப் பார்த்தாயா? அந்த எறும்பு உனக்கும் பிடித்துப்போய்விட்டதா?

இல்லை, அம்மா சொல்கிற குத்துவிளக்குக் கதைதானா?

ஒன்று சொல்லவா? பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் நீ சாய்ந்துவிட்டாய் என்று ஏழுமலை மாமா ஓடி வந்து சொன்னபோது நான் அழவில்லை. ஆஸ்பத்திரியில் உன் முகத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் மேல் எனக்குச் சந்தேகம். 'நடிக்கிறியா நைனா?' என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் தோற்றுவிடுவேன் என்று கேட்கவில்லை. அவ்வளவு நேரம் நீ யாரையும் ஏமாற்றியதில்லை.

அன்றைக்குக் கேட்காததை இன்றைக்குக் கேட்கிறேன். மைக் முன்னால், எல்லாரும் கேட்க. தெரிஞ்சுதா நைனா? தெரிஞ்சும் ஏன் குடுக்கல?

கேட்டுவிட்டேன். நான் தோற்றேன். நீ ஜெயித்தாய். போதுமா?

இதைப் படித்து முடித்ததும் பச்சை டிக்கெட்டை முனிரத்தினம் மாமா கையில் கொடுத்துவிடுகிறேன். எந்தப் பெட்டியின் டிக்கெட்டையும் அதன் அடிப்பலகையில்தானே ஒட்டுவாய்? அவர் பெட்டியிலும் மஞ்சளுக்குப் பக்கத்தில் பச்சை ஒட்டப்படட்டும், அவர் சம்மதித்தால். அவர் உன்னைத் திட்டினால் நின்று கேட்டுக்கொள்கிறேன். இந்த முறை மலையைக் காட்ட மாட்டேன். பரணில் இன்னும் ஆறு டப்பாக்கள் திறக்காமல் இருக்கின்றன. ஒவ்வொன்றாகத் திறந்து, எந்த டிக்கெட்டில் எந்த ஊர் எழுதியிருக்கிறதோ அந்த ஊருக்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். நாளைக்கு நாளைக்கு என்று சொல்ல மாட்டேன். உன் பஸ்ஸிலேயே போவேன். புது கண்டக்டர் கேட்டால் முழு டிக்கெட் வாங்குவேன்.

உன் பிடிவாதத்திலும் உன் சிரிப்பிலும் பாதிப் பங்கு உள்ள,
உன்னிடம் மட்டும் என்றைக்கும் அரை டிக்கெட்டான,
உன் மகள் வள்ளி